பைட்டுக்குப் பைட்

ஜூன் 3, திங்கள்

எட்டு நாள் கழித்து இன்று காலை சிறுவாணித் தண்ணீர் வந்தது. இரண்டு டிரம், ஏழு குடம் பிடித்து வைத்தேன். அதன்பிறகு குருபரனை ஒழிக்கும் வேலையில் இறங்கினேன்.

எதற்காக என்பது பின்னால் எனக்கே மங்கிப்போகக் கூடாது. அதனால் எழுதி வைக்கிறேன். குருபரன் என் பழைய முதலாளி. அவர் கம்பெனியில் பம்ப் சோதனைப் பெட்டி செய்கிறார்கள். பம்ப்பை ஓடவிட்டால், எவ்வளவு உயரத்துக்கு எவ்வளவு தண்ணீர் தள்ளுகிறது என்று அளந்து சின்னத் திரையில் ஒரு வளைகோடாக வரைந்து காட்டும். அந்தக் கோட்டை வரைவது குருபரனின் மூளை இல்லை. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று பொதுவில் திறந்து வைத்திருக்கும் ஒரு மென்பொருள் லைப்ரரி. எடுத்துக்கொள், மாற்றிக்கொள், எழுதியவர் பெயரை மட்டும் அழிக்காதே என்பது அதன் நிபந்தனை. அதில் இருநூற்றுப் பன்னிரண்டு வரிகள் என்னுடையவை. வால்வைத் திருகியதும் மீட்டர் முள் கிடந்து ஆடும். ஆட்டம் அடங்கி மூன்று ரீடிங் ஒத்துப்போகும்வரை கோட்டை நகர்த்தாமல் காத்திருக்கச் செய்யும் பகுதி. அது வந்த பிறகுதான் பெட்டி விலைபோனது. அந்த வரிகளுக்கு மேல் 'எழுதியது: தாட்சாயணி' என்று இருந்தது.

போன நவம்பரில் பெட்டிக்கான நிரலில் அந்தப் பெயரை எடுக்கச் சொன்னார். மாட்டேன் என்றேன். மீட்டிங்கில் பத்துப் பேர் பார்க்க, "சம்பளம் வாங்குனீங்கல்ல அம்மணி, அப்பறம் பேரு வேற எதுக்கு?" என்றார். அத்தனை பேரும் சிரித்தார்கள். அன்றே வேலையை விட்டேன்.

இப்போது அந்தப் பெட்டிக்கு எங்கள் தொழில் சங்கம் 'முழுக்கச் சொந்தமாக எழுதிய மென்பொருள்' என்று விருது தரப்போகிறது. ஆட்சேபம் இருந்தால் ஆதாரத்தோடு 24-ஆம் தேதிக்குள் கொடுக்கலாம். 26 விசாரணை. என் ஆதாரம் ஒன்றே ஒன்றுதான். பொதுவில் கிடக்கும் மூல நிரலை நானே கம்பைல் செய்வேன், அதாவது இயந்திரம் ஓட்டக்கூடிய பைலாக மாற்றுவேன். வரும் பைல், பெட்டிக்குள் இருக்கும் பைலோடு பைட்டுக்குப் பைட் ஒத்துப்போக வேண்டும். ஒரு பைட்கூட மாறாமல் இரண்டு பேர் தனித்தனியாக எழுதினோம் என்று எந்தக் கொம்பனும் சொல்ல முடியாது.

அன்று சிரித்த பத்துப் பேரும் அந்த அறையில் இருக்க வேண்டும் என்று ஆசையாக இருக்கிறது.

ஜூன் 4, செவ்வாய்

கணபதிப் பகுதியில் இருக்கும் மயில்சாமி அண்ணனின் பம்ப் பட்டறைக்குப் போனேன். குருபரனின் பெட்டி ஒன்றை அவர் போன மாதம் வாங்கியிருக்கிறார். உள்ளே இருக்கும் பைலை மட்டும் நகல் எடுத்துக்கொள்கிறேன் என்றேன்.

"எடுத்துக்கங் அம்மணி. அது கோடு போட்டாச் சரி, உள்ள என்ன இருந்தா எனக்கென்னங்" என்றார்.

வீட்டுக்கு வந்து, பைலுக்குள் படிக்கக்கூடிய எழுத்துகளை மட்டும் உருவிப் பார்த்தேன். ஆறு பக்கம் வந்தது. என் பெயர் எங்கும் இல்லை. இருக்காது என்று தெரிந்தேதான் தேடினேன். வேறு எதையும் பற்றி இன்று எழுதுவதாக இல்லை.

சாப்பிடவில்லை.

ஜூன் 6, வியாழன்

முதல் முயற்சி. நாலரை லட்சம் பைட்டுகள் வேறு. சிரிப்புத்தான் வந்தது.

பெட்டிக்குள் இருப்பது கைக்கடக்கமான ஒரு போர்டு. அதில் கம்பைல் செய்ய உட்கார்ந்தால் ஒரு யுகம் ஆகும். அதனால் பெரிய கணினியில் வைத்து அந்தப் போர்டுக்காகக் கம்பைல் செய்ய வேண்டும். எந்த வெர்ஷன் கம்பைலர், லைப்ரரியில் எந்தெந்த வசதிகளை அணைத்தார்கள், எதை விட்டு வைத்தார்கள், எல்லாம் அப்படியே இருந்தால்தான் பைட் ஒத்துப்போகும். பிடிஎஃப் வேண்டாம், மவுஸ் வேண்டாம், வண்ணம் பதினாறு போதும். நான் இருந்த காலத்து வழக்கத்தை வைத்து ஒவ்வொன்றாக அணைத்தேன். மூன்று லட்சமாகக் குறைந்தது.

ஜூன் 8, சனி

ஹேமலதா வந்தாள். கம்பெனியில் ஒன்பது வருடம் என் பக்கத்து மேசை. இன்னும் அங்கேதான் இருக்கிறாள். நான் வெளியேறியதிலிருந்து சனிக்கிழமை தவறாமல் சிங்காநல்லூரிலிருந்து பஸ் பிடித்துக் கேரியரோடு வருகிறாள். இன்று அரிசிம்பருப்புச் சாதம், தயிர், அப்பளம்.

"எளச்சுப் போயிட்ட புள்ள. ஒழுங்கா உண்ணு" என்றாள். திரையைப் பார்த்தாள். "எவ்வளவு வந்திருக்குது?"

"மூணு லட்சம் பாக்கி. கம்பைலர் எந்த வெர்ஷன்னே தெரியல" என்றேன். என் குரல் சாதாரணமாக இருந்தது என்றுதான் நினைக்கிறேன்.

அப்பளத்தை உடைத்துக்கொண்டே வெர்ஷனைச் சொன்னாள். கடைசி எண்வரை மனப்பாடமாக. "போன வருசம் சார் புதுசு போட உடல. பழசுதான்."

"உனக்கு எப்படி இவ்வளவு ஞாபகம்?"

"ஞாபகம் இருக்குது" என்றாள்.

அவள் சாப்பிடும்போது கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். நகத்தைக் கடித்துக் கடித்துக் குட்டையாக வைத்திருக்கிறாள். இரண்டாவது தடவை சாதம் போட்டுக்கொண்டேன். நன்றாகத்தான் இருந்தது.

ஜூன் 9, ஞாயிறு

அவள் சொன்ன வெர்ஷனைப் போட்டதும் மூன்று லட்சம், பதினோராயிரத்துக்கு இறங்கியது. ஒரு பொய்யும் சொல்லவில்லை. தானாகவே சொல்கிறாள். கேட்டதற்கு மேலேயே சொல்கிறாள்.

ஜூன் 11, செவ்வாய்

மாதாந்திர மின்தடை, ஒன்பது முதல் நான்கு வரை. துணி துவைத்தேன். தூறல் விட்டு விட்டு வந்ததால் மூன்று தடவை கொடியிலிருந்து எடுத்து மூன்று தடவை போட்டேன். குருபரன் மேடையில் பொன்னாடை போர்த்திக்கொண்டு நிற்கும்போது யாரோ காதில் வந்து சொல்ல, அவர் முகம் மாறுவதை ஒவ்வொரு தடவையும் நினைத்துப் பார்த்தேன். துணி காயாவிட்டாலும் பரவாயில்லை என்று இருந்தது.

ஜூன் 12, புதன்

கம்பைல் செய்த தேதியும் நேரமும் பைலுக்குள் ஒட்டிக்கொள்ளும். பெட்டியின் பைலில் இருப்பது: நவம்பர் 18, மதியம் ஒன்று இருபது. நான் வேலையை விட்ட நான்காம் நாள். நாற்காலியின் சூடு ஆறும்வரைகூடப் பொறுக்கவில்லை.

என் கணினியின் கடிகாரத்தை அதே நவம்பர் 18-க்குத் தள்ளி வைத்துக் கம்பைல் செய்தேன். பதினோராயிரம், இரண்டாயிரத்து நூறு ஆனது.

ஜூன் 14, வெள்ளி

இரண்டாயிரத்து நூறிலேயே நிற்கிறது. காரணம் இப்போதுதான் பிடிபட்டது.

கம்பைலுக்கு முன்னால் ஓடும் தயாரிப்பு நிரல், போர்டைப் பற்றிச் சில கேள்விகள் கேட்கும். சாதாரணமாக ஒரு குட்டி நிரலை ஓட்டிப் பார்த்துத் தானே விடை கண்டுபிடித்துவிடும். ஆனால் நாம் கம்பைல் செய்வது வேறொரு போர்டுக்கு. அந்தக் குட்டி நிரல் இந்தக் கணினியில் ஓடாது. அதனால் விடைகளை மனிதர் ஒருவர் உட்கார்ந்து கையால் எழுதித்தர வேண்டும். எழுதியதை அது அப்படியே நம்பும். சோதித்துப் பார்க்காது.

மொத்தம் ஆறு கேள்வி. ஆறுக்கும் சரியான விடை எழுதினேன். ஒத்துப்போகவில்லை. அங்கே எழுதிய ஆள் ஏதோ ஒன்றைத் தப்பாக எழுதியிருக்க வேண்டும்.

ஜூன் 15, சனி

இன்று தக்காளிச் சாதம், கொள்ளுத் துவையல். ஹேமா வந்தவுடன் ஜன்னலோரம் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டாள். பித்தவெடிப்பு அவளுக்கு இன்னும் ஆறவில்லை. கம்பெனியில் பம்ப்பை ஓட்டிப் பார்க்கும் சோதனைக் குழியில் தண்ணீரில் நின்று நின்று வந்தது. அந்த நாட்களில் வால்வு திருகும் வேலைக்கு அவளைத்தான் இறக்குவார்கள். நான் மேலே ஏசி அறையில் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒருநாள் நனைந்த காலோடு மேலே வந்து, "கைய எடுத்ததும் முள்ளு ஆடுது தாட்சா, ஒரு மூணு ரீடிங் ஒண்ணுபோல வர்ற வரைக்கும் உட்டுப் பாத்தா என்ன?" என்று கேட்டாள். அதைக் கேட்டது அவள்தான். ஆனால் கேட்பது ஐந்து நொடி. எழுதுவதற்கு எனக்கு ஐந்து வாரம் ஆயிற்று. இதை எதற்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

"அந்த ஆறு கேள்விக்கு நம்ம கம்பெனில என்ன விடை போடுவோம்?" என்று கேட்டேன்.

"உன்ற பழைய நோட்டுல இருக்குதல்ல, அதேதான்" என்றாள். கேரியர் மூடியைத் துடைத்துக்கொண்டே, "பாத்து எழுது. நாலாவது" என்றாள்.

போகும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, "ஆகிப்போகும். உடாத" என்றாள். பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தேன்.

ஜூன் 16, ஞாயிறு

பரணிலிருந்து பழைய நோட்டை எடுத்தேன். நாலாவது கேள்வி: நினைவகத்தில் பூஜ்யம் அளவுக்கு இடம் கேட்டால் போர்டு ஏதாவது கொடுக்குமா, கையை விரிக்குமா? இந்தப் போர்டு கொடுக்கும். என் நோட்டில் 'கையை விரிக்கும்' என்று என் கையெழுத்திலேயே இருக்கிறது. வேறொரு போர்டுக்கு எழுதிய விடையைத் திருத்தாமல் விட்டிருக்கிறேன். இந்த நோட்டை வைத்துத்தான் அவளுக்கு வேலை கற்றுக்கொடுத்தேன்.

ஆக, சரியாக எழுதினால் ஒத்துப்போகாது. என் தப்பை நானே மறுபடி வேண்டுமென்றே எழுத வேண்டியிருந்தது. எழுதினேன். இரண்டாயிரத்து நூறு, நூற்றுக்கும் கீழே போனது.

ஜூன் 19, புதன்

மிச்சப் பைட்டுகள் எங்கே இருக்கின்றன என்று எனக்குத் தெரியும். முதல் நாளிலிருந்தே தெரியும். இன்றைக்கு எழுதிவிடுகிறேன்.

கம்பைல் செய்யும் ஃபோல்டரின் முகவரி பைலுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும், பின்னால் பிழை வந்தால் எந்த இடம் என்று காட்டுவதற்காக. அந்த முகவரியில் கணினிக்காரரின் பெயர் இருக்கும். ஜூன் 4 அன்று உருவிய ஆறு பக்கத்தில், இரண்டாம் பக்கத்திலேயே அது இருந்தது. ஏழு இடத்தில் இருந்தது. hemalatha.

குருபரனுக்குக் கம்பைல் செய்யத் தெரியாது. அவர் சொன்னார், இவள் செய்தாள். என் பெயரை அழித்தது இவள் கை. நவம்பர் 18, மதியம் ஒன்று இருபதுக்குச் செய்தாள். அன்று சனிக்கிழமை. அன்று சாயங்காலம்தான் முதல்முதலாகக் கேரியரோடு இந்த வீட்டுக்கு வந்தாள். என் தோளைப் பிடித்துக்கொண்டு என்னோடு சேர்ந்து அழுதாள். நான் அவள் புடவைத் தலைப்பில் மூக்கைத் துடைத்தேன்.

குருபரன்மேல் எனக்கு இருப்பது கோபம். இவள்மேல் இருப்பதற்குப் பெயர் வைக்கவில்லை. இரண்டு சனிக்கிழமையும் அவள் கொடுத்த சோற்றைத் தின்றுகொண்டே அவளிடமிருந்தே ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். ஆதாரத் தாளில் அவள் பெயர் அச்சாகி, குருபரனுக்குப் பக்கத்தில் அவள் உட்கார்ந்திருக்கும்போது எல்லோர் கையிலும் போக வேண்டும். பாவம் என்று ஒரு நிமிடம்கூடத் தோன்றவில்லை.

ஜூன் 20, வியாழன்

என் கணினியில் அவள் பெயரில் ஒரு ஃபோல்டர் உண்டாக்கினேன். எழுத்து எழுத்தாக அவள் பெயரை டைப் செய்தேன். கம்பைல், நான்கு நிமிடம்.

வித்தியாசம்: பூஜ்யம்.

எழுந்து போய் முகம் கழுவினேன். திரும்பி வந்து இன்னொரு தடவை ஓட்டினேன். பூஜ்யம்.

ஜூன் 22, சனி

ஹேமா வந்தாள். புளிச் சாதம். "ஆயிருச்சா?" என்றாள். "ஆயிருச்சு" என்றேன். கேரியரை இங்கேயே விட்டுப் போனாள். அடுத்த வாரம் எடுத்துக்கொள்கிறாளாம்.

ஜூன் 24, திங்கள்

சங்க அலுவலகத்தில் கொடுத்துவிட்டேன். கம்பைல் செய்யும் முறை மொத்தம் பதினெட்டு வரி. நாலாவது வரியில் அவள் பெயர்.

ஜூன் 26, புதன்

உள்ளபடியே எழுதுகிறேன்.

கமிட்டியில் ஐந்து பேர். தலைவர் நஞ்சப்பன், நாற்பது வருடமாகப் பம்ப் செய்கிறவர். குருபரன் சந்தனப் பொட்டோடு வந்திருந்தார். தொழில்நுட்பத்துக்குப் பதில் சொல்ல ஹேமாவை அழைத்து வந்திருந்தார். நான் நினைத்தபடியே.

புரொஜெக்டரில் மாட்டி, எல்லோர் கண் முன்னாலும் ஓட்டினேன். நான்கு நிமிடம் டீ குடித்தார்கள். திரையில் இரண்டு பைலின் சரிபார்ப்பு எண்களும் ஒன்றின் கீழ் ஒன்றாக வந்தன. ஒரு எழுத்தும் மாறவில்லை.

"யாரு வேணா எதையாச்சும் ஓட்டிக் காட்டலாமுங்க. இதெல்லாம் ஒரு ஆதாரமா?" என்றார் குருபரன்.

நஞ்சப்பன் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு தாளைப் பார்த்தார். "நாலாவது வரில ஒரு பேரு இருக்குதுங்களே. இது யாருங்க?"

குருபரன் ஹேமாவைத் திரும்பிப் பார்த்தார். அவர் முகம் மாறியது. கொடியில் துணி போட்டுக்கொண்டே நான் நினைத்துப் பார்த்த மாதிரியே மாறியது. இந்த வருடம் முழுக்க எனக்கு அது போதும்.

ஹேமா எழுந்தாள். "நாந்தானுங்க. பொதுவுல இருக்கற லைப்ரரிதான் அது. பேர எடுத்ததும் நாந்தான். சார் எடுக்கச் சொன்னாருங்க."

அவள் அழுவாள் என்று எதிர்பார்த்திருந்தேன்.

அதோடு முடிந்திருக்க வேண்டும். நஞ்சப்பன் தாளை மடிக்கப்போனவர் நிறுத்தினார். "ஒரு சந்தேகம். இந்த மூணு ரீடிங் ஒத்துப்போற வரைக்கும் நிக்கறது இருக்குதுங்களே, அது குழில நின்னு வால்வு திருகுனவங்களுக்குத்தான் தோணும். ரூமுல உக்காந்து எழுதறவங்களுக்குத் தோணாது. யாரு யோசனைங்க அது?"

என்னைப் பார்த்துத்தான் கேட்டார்.

"என்னுதுங்க" என்றேன்.

அவர் ஹேமாவைப் பார்த்தார். "அப்படீங்களா அம்மணி?"

ஹேமா என்னைப் பார்க்கவில்லை. "எழுதுனது அவதானுங்க" என்றாள்.

விருது ரத்து. பெட்டியின் நிரலில் என் பெயரைத் திரும்பப் போட்டு, விற்ற ஒவ்வொரு பெட்டிக்கும் புதிதாகக் கொடுக்க வேண்டும் என்று எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள். வெளியே வந்ததும் ஆட்டோ பிடித்து நேராக அன்னபூரணி மெஸ்ஸுக்குப் போய் முழுச் சாப்பாடு சாப்பிட்டேன். ஜெயித்தாயிற்று.

ஜூன் 29, சனி

வரமாட்டாள் என்று நினைத்தேன். வந்தாள். கை வீசிக்கொண்டு வந்தாள். கேரியரை எடுக்க வந்திருக்கிறாளாம். புதன்கிழமை சாயங்காலமே அவளை வேலையைவிட்டு அனுப்பிவிட்டார் குருபரன்.

கேரியரைக் கழுவித்தான் வைத்திருந்தேன். கொடுக்கும்போது, மூன்று வாரமாகக் கூர்தீட்டி வைத்திருந்ததைக் கேட்டேன். "ஏன் ஹேமா அழிச்ச?"

"அழிக்கறப்ப கை நடுங்கும்னு நெனச்சேன் தாட்சா. நடுங்கல" என்றாள்.

"அப்பறம் எதுக்கு வாரவாரம் சோறு கொண்டாந்த? எதுக்கு வெர்ஷன் சொன்ன? நாலாவது விடைய எதுக்குச் சொன்ன? உன்ற பேரு உள்ள இருக்குதுன்னு தெரியாமயா சொன்ன?"

"தெரியாமயா? முகவரிய மறைக்க ஒரு ஆப்ஷன் போட்டாப் போதும். நீதான சொல்லிக்குடுத்த?"

"அப்ப ஏன் மறைக்கல?"

கேரியரின் கொக்கியை மாட்டினாள். மாட்டிவிட்டுச் சொன்னாள். "அதுல என்ற பேரு இருக்கற எடம் அது ஒண்ணுதான்."

கேரியரைக் கையில் எடுத்துக்கொண்டாள். "குழில நின்னவ நானு. என்னைக்காச்சும் ஒருநா, போற போக்குல, ஹேமா சொன்னதுதான்னு சொல்லுவீன்னு இருந்தேன். ஆறு வருசம். வாரவாரம் வந்து உன்ற மொகத்தப் பாத்தா அன்னைக்குச் சொல்லுவ, இன்னைக்குச் சொல்லுவன்னு இருக்கும். புதன்கெழம அந்தப் பெரியவரு கேட்டப்பக்கூட."

"நீ அங்கயே சொல்லியிருக்கலாமே."

"நாஞ் சொல்லி என்ன பண்ண?" என்றாள். "பஸ்ஸுக்கு நேரமாச்சு."

செருப்பை மாட்டிக்கொண்டு படி இறங்கிப் போனாள். மேலே நின்று பார்த்தேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

எழுத ஐந்து வாரம் ஆயிற்று. அதை யாரும் மறுக்க முடியாது.

ஜூலை 1, திங்கள்

சங்கத்திலிருந்து கடிதம். என் பதினெட்டு வரி முறையை அவர்கள் வலைத்தளத்தில் போட்டிருக்கிறார்கள். உறுப்பினர் யார் வேண்டுமானாலும் ஓட்டிச் சரிபார்த்துக்கொள்ளலாமாம். நிரலில் என் பெயர் முதல் வரியில் இருக்கும் என்றும் உறுதி சொல்லியிருக்கிறார்கள்.

தண்ணீர் பிடித்துவிட்டுக் கணினியில் உட்கார்ந்தேன். 'எழுதியது: தாட்சாயணி' என்பதோடு ஓட்டினேன். ஒத்துப்போனது. அந்த வரியை நீக்கிவிட்டு ஓட்டினேன். ஒத்துப்போனது. அதில் மயில்சாமி அண்ணன் பெயரைப் போட்டு ஓட்டினேன். அப்போதும் ஒத்துப்போனது. அது மனிதர் படிக்கும் குறிப்பு வரி. கம்பைலர் அதைக் கண்டுகொள்வதில்லை. யார் பெயர் இருந்தாலும் ஒரு பைட்கூட மாறாது. இது எனக்கு என்றைக்கும் தெரிந்ததுதான்.

பிறகு அந்தப் பதினெட்டு வரி முறையில் நாலாவது வரிக்குப் போனேன். ஹேமலதாவை எடுத்துவிட்டு என் பெயரைப் போட்டேன். இரண்டு தடவை ஓட்டினேன். கடிகாரம், வெர்ஷன், நாலாவது விடை எல்லாவற்றையும் சரிபார்த்து மூன்றாவது தடவையும் ஓட்டினேன்.

ஒத்துப்போகவில்லை.

பழையபடி அவள் பெயரை டைப் செய்தேன். நான்கு நிமிடம் ஆயிற்று. வித்தியாசம் பூஜ்யம் என்று வந்தது.